தெருச் சாலைப் பணியின் ஆவணங்களை ஊராட்சியிடம் கேட்டுப் பெறுவது எப்படி?

கேள்வி: மேலத்தெருக்காரன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு கோடையில் எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் சாலை போடப்பட்டது. ஒரே ஒரு ஐப்பசி மழையைத்தான் அந்தச் சாலை பார்த்திருக்கிறது. அதற்குள் இரண்டு இடங்களில் ஜல்லி பெயர்ந்து நிற்கிறது, ஓரங்கள் மிதித்தால் உதிர்கின்றன. ஊராட்சிச் செயலரிடம் கேட்டால், அது ஒன்றியத்தில் போட்ட வேலை என்கிறார். ஒன்றிய அலுவலகத்துக்குப் போனால், உங்கள் ஊராட்சியில் கேளுங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்கள். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டம் எங்களுடையது. 2025 ஜனவரியோடு தலைவரின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் நிர்வாகம் வந்துவிட்டதால், பழைய தலைவரும் எனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று கையை விரித்துவிட்டார்.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு அனுப்பலாம் என்று முடிவு செய்து, கீழ்க்கண்டவாறு எழுதி வைத்திருக்கிறேன். (1) மேலத்தெரு சிமெண்ட் சாலை ஓராண்டுக்குள் ஏன் பெயர்ந்தது? (2) அதற்குப் பொறுப்பான அலுவலர் யார், அவர்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்படும்? (3) இச்சாலைக்கு எவ்வளவு செலவானது, அது நியாயமான தொகைதானா? (4) கடந்த ஐந்து ஆண்டுகளில் எங்கள் ஊராட்சியில் நடந்த எல்லாப் பணிகளின் எல்லா ஆவணங்களும் வேண்டும்.

மனுவை யாருடைய பெயருக்கு அனுப்புவது, 10 ரூபாய்க் கட்டணத்தை எப்படிச் செலுத்துவது, எதற்காகக் கேட்கிறேன் என்று எழுத வேண்டுமா என்பவை என் ஐயங்கள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கர்

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். இப்படிப்பட்ட மனுக்கள் மேசைக்கு வரும்போது அலுவலகம் அவற்றை எப்படிப் பார்க்கும் என்பதை நான் அறிவேன். உங்கள் மனு இப்போதிருக்கும் வடிவில் போனால், முதல் இரண்டு கேள்விகளுக்கும் ‘மனுதாரர் விளக்கம் கோரியுள்ளார், இது சட்டத்தின் பிரிவு 2(f)இன்படி தகவல் ஆகாது’ என்ற ஒற்றை வரி வரும். மூன்றாவதில் ஒரு தொகையை மட்டும் எழுதி அனுப்புவார்கள். நான்காவதற்கு, ஆவணங்கள் மிகுதியாக இருப்பதால் நேரில் வந்து பார்வையிடவும் என்றோ, இத்தனை ஆயிரம் பக்கங்களுக்கு இவ்வளவு பணம் கட்டவும் என்றோ கடிதம் வரும். இவற்றில் முதல் பதிலைக் குறை சொல்லவும் முடியாது. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைத் தருவதுதான் பொதுத் தகவல் அலுவலரின் கடமை, கருத்துச் சொல்வதோ இல்லாத ஒன்றைப் புதிதாகத் தயாரித்துத் தருவதோ அவர் கடமையாகாது என்று உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விடைத்தாள் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஐந்தாண்டுகளின் எல்லா ஆவணங்களும் வேண்டும் என்பது போன்ற வரையறையற்ற கோரிக்கைகளையும் அதே தீர்ப்பு கண்டித்திருக்கிறது.

ஆகவே ‘ஏன்’ என்று கேட்காமல், அந்த ஏனுக்கு விடை எந்தத் தாளில் இருக்கிறதோ அந்தத் தாளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தெருச் சாலைக்கு அலுவலகத்தில் என்னென்ன தாள்கள் பிறக்கின்றன என்று தெரிந்தால் இது எளிது.

முதலில் ஊராட்சி மன்றத் தீர்மானம் இருக்கும். பிறகு பொறியாளர் தயாரிக்கும் மதிப்பீடு. அதில் சாலையின் நீளம், அகலம், கனம், கான்கிரீட்டின் தரம், ஒவ்வோர் இனத்துக்குமான விலை ஆகியவை வரி வரியாக இருக்கும். அதன்மேல் நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வழங்கப்படும். ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்ட பணியாக இருந்தால், அறிவிப்பும் ஒப்பீட்டுப் பட்டியலும் இருக்கும். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்குப் பொருந்துகிறது. அடுத்தது பணி ஆணையும் ஒப்பந்தப் பத்திரமும். வேலை நடக்கும்போது அளவுப் புத்தகம், அலுவலக வழக்கில் எம்-புக். கடைசியாகப் பட்டியல், அதாவது ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பதற்கான பில், அதற்கான செலவுச் சீட்டு, ரொக்கப் புத்தகப் பதிவு.

இவற்றில் உங்களுக்கு உயிர்நாடியானவை இரண்டு. ஒன்று அளவுப் புத்தகம். ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் அதில் எழுதப்பட்ட அளவிலிருந்துதான் பிறக்கிறது. நீளம், அகலம், கனம் என்று கட்டங்கள் இருக்கும். அளந்த நாளும், அளந்தவர் கையொப்பமும், மேலதிகாரி சரிபார்த்ததற்கான கையொப்பமும் இருக்கும். அதில் கனம் 0.15 மீட்டர் என்று எழுதியிருந்து, உங்கள் தெருவில் பெயர்ந்து கிடக்கும் ஓரத்தில் அளவுநாடாவை வைத்தால் நான்கு விரற்கடைகூட இல்லையென்றால், உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது; அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று ஒப்பந்தப் பத்திரம். பெரும்பாலோர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். பணி முடிந்தபின் குறிப்பிட்ட காலத்துக்குள் பழுது ஏற்பட்டால் ஒப்பந்ததாரர் தம் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கும். அந்தக் காலம் முடியும்வரை அவருடைய வைப்புத்தொகையில் ஒரு பகுதி அலுவலகத்திலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பணத்தை அலுவலகம் திருப்பிக் கொடுத்துவிட்டதா, இன்னும் கொடுக்கவில்லையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். யார்மீது நடவடிக்கை என்ற கேள்வியைவிட, உங்கள் தெருவுக்குச் சாலை திரும்பி வருவதற்கு இதுதான் உதவும்.

கான்கிரீட்டின் தரச் சோதனை அறிக்கையையும் விட்டுவிடாதீர்கள். கலவை ஊற்றும் நாளில் 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் வார்த்து, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் நசுக்கிப் பார்த்து எழுதும் அறிக்கை அது. சிறிய பணிகளில் அந்த அறிக்கையே இல்லாமல் இருக்கலாம். ‘அப்படியோர் அறிக்கை அலுவலகத்தில் இல்லை’ என்று எழுத்தில் வந்தால், அதுவும் உங்களுக்குப் பயனுள்ள ஆவணமே.

பதில்: வைகைக்கரை

ஐயா சொன்னவற்றுக்கு மேல் நடைமுறை பற்றிய உங்கள் மூன்று ஐயங்களுக்கும் விடை தருகிறேன்.

அலுவலரின் பெயரோ சரியான பதவிப் பெயரோ தெரிய வேண்டியதில்லை. ‘பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம்’ என்று ஊர்ப் பெயருடன் எழுதினால் போதும். பணம் ஊராட்சிக் கணக்கிலிருந்து போனதா, ஒன்றியத்திலிருந்து போனதா என்று உங்களுக்குத் தெரியாததால், ‘இவ்வாவணங்களில் எவையேனும் வேறு அலுவலகத்தின் பொறுப்பில் இருப்பின், பிரிவு 6(3)இன்படி மனுவின் அப்பகுதியை அவ்வலுவலகத்துக்கு மாற்றி, எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று ஒரு வரியைச் சேருங்கள். மனு கிடைத்த ஐந்து நாள்களுக்குள் அவர்கள் மாற்றி அனுப்பியாக வேண்டும். ஊராட்சிக்கும் ஒன்றியத்துக்கும் இடையில் உங்களைப் பந்தாடுவது வாய்ப்பேச்சில் நடக்கும். எழுத்தில் நடக்காமலிருக்க இந்த வரிதான் கடிவாளம்.

தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவின் முதல் பக்கத்தில் ஒட்டுவதுதான் நம் பக்கத்தில் பரவலான வழக்கம். ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்கலாம், வரைவோலையும் எடுக்கலாம். வில்லை நீதிமன்ற வளாகத்தை ஒட்டிய முத்திரைத்தாள் விற்பனையாளரிடம் கிடைக்கும். சில நாள்களில் இருப்பு இல்லை என்பார்கள் என்பதால், கிடைக்கும்போது நான்கைந்து வாங்கி வைத்துக்கொள்வது என் வழக்கம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அதற்கான சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே இல்லை. நகல்களுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். அதை இப்போதே அனுப்ப வேண்டாம். எத்தனை பக்கம், எவ்வளவு தொகை என்ற கணக்கோடு அவர்கள் கடிதம் அனுப்புவார்கள், பிறகு கட்டினால் போதும். அந்தக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் நீங்கள் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம், அவர்கள் பதில் தருவதற்கான 30 நாள் கெடுவில் சேராது என்பதால், கடிதம் வந்தவுடன் கட்டிவிடுங்கள். 30 நாள் கெடுவைத் தாண்டிய பிறகு தகவல் தர முன்வந்தால், பிரிவு 7(6)இன்படி நகல்களை இலவசமாகத்தான் தர வேண்டும்.

காரணம் எழுதவே கூடாது என்பது என் கருத்து. பிரிவு 6(2) இதில் வெளிப்படையாக இருக்கிறது: தொடர்புகொள்வதற்குத் தேவையான விவரங்களைத் தவிர வேறு எதையும் மனுதாரரிடம் கேட்கக் கூடாது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு தீர்ப்பில், மனுதாரர் எதற்காகக் கேட்கிறார் என்பதைச் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு, சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பது கவனத்துக்கு வந்ததும் சில நாள்களிலேயே தானாக முன்வந்து அந்தப் பகுதியை நீக்கிக்கொண்டது. எனவே ‘பொது நலன் கருதி’, ‘ஊழலை வெளிக்கொணர’ போன்ற முன்னுரைகள் எதுவும் வேண்டாம். அவை அலுவலகத்தை உஷார்ப்படுத்துவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

அனுப்பும் முறை பற்றி ஒரு செய்தி. 2025 செப்டம்பரில் பதிவுத் தபால் சேவை விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆகவே விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றையும் கேட்டு வாங்கி, மனுவின் ஒளிநகலோடு பத்திரப்படுத்துங்கள். 30 நாள்களும் அலுவலகத்துக்கு மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் நாளும் இடச் சொல்லுங்கள்.

பதில்: செங்காந்தள்

ஓய்வுபெற்ற கணக்கர் ஐயாவின் பட்டியல் மிகச் சிறப்பானது. ஆனால் எடுத்த எடுப்பிலேயே எல்லாவற்றுக்கும் நகல் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் கோப்பை நேரில் பார்வையிடக் கேட்பது நல்லது. பிரிவு 2(j) பணிகளையும் ஆவணங்களையும் நேரில் ஆய்வு செய்யவும், குறிப்பெடுக்கவும், சான்றிட்ட நகல் பெறவும் உரிமை தருகிறது. பார்வையிடும் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. நகல் மட்டும் கேட்டால் அவர்கள் எந்தத் தாள்களைத் தேர்ந்தெடுத்துத் தருகிறார்களோ அவைதான் உங்கள் கைக்கு வரும். கோப்பையே பார்த்தால், கேட்கத் தோன்றாத தாள்களும் கண்ணில் படும்.

எங்கள் பேரூராட்சியில் ஒரு மழைநீர் வடிகால் பணிக்காக இப்படிச் செய்தேன். அவர்கள் கடிதத்தில் குறித்துக் கொடுத்த நாளில் போனபோது, நாடா கட்டிய ஒரு கட்டுக் கோப்பையும் அளவுப் புத்தகத்தையும் இளநிலை உதவியாளர் மேசையில் வைத்துவிட்டு எதிரிலேயே அமர்ந்துகொண்டார். மதிப்பீட்டைப் புரட்டியதில் விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. அளவுப் புத்தகத்தில் நாள்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். அளவு எடுத்ததாக எழுதப்பட்டிருந்த நாள், பணி ஆணை வழங்கப்பட்ட நாளுக்கு முந்தையதாக இருந்தது! வேலை செய்ய ஆணையே கொடுப்பதற்கு முன்னால் வேலையை அளந்திருக்கிறார்கள். நகல் மட்டும் கேட்டிருந்தால் பணி ஆணையைக் கேட்டிருக்கவே மாட்டேன். அங்கேயே அந்த இரண்டு பக்கங்களுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு எழுதிக் கொடுத்து, பணம் கட்டி வாங்கிக்கொண்டேன்.

பார்வையிடப் போகும்போது இன்னொருவரை உடன் அழைத்துச் செல்லப் போவதையும், கைப்பேசியில் படம் எடுக்க விரும்புவதையும் மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். அங்கே போய் வாதாட வேண்டியிருக்காது. படம் எடுக்க விட்டாலும், பின்னாளில் புகாருக்கோ வழக்குக்கோ சான்றிட்ட நகல்தான் நிற்கும். அதே பிரிவு 2(j) பொருள்களின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. சாலையில் துளையிட்டு எடுக்கும் மாதிரியையும் இதன்கீழ்க் கேட்கலாம். ஆனால் அளவுப் புத்தகத்தைப் பார்த்த பிறகு, தேவைப்பட்டால் மட்டும் கேளுங்கள்.

மேலத்தெருக்காரன்

எதிர்பார்த்ததைவிட மிகுதியாகவே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள், நன்றி. இரண்டு கவலைகள் மீதமிருக்கின்றன. பழைய தலைவரின் காலத்தில் தொடங்கிய கோப்பு இப்போது கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? ஒப்பந்ததாரர் உள்ளூர்க்காரர், அவருடைய பெயரும் அவருக்குக் கொடுத்த பணமும் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க முடியுமா? புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு எதையும் கேட்க முடியாது என்று ஒன்றிய அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் கேட்டது அந்த ஒப்பந்ததாரர் காதுக்குப் போகுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்: வழக்குரைஞர் அறை

இரண்டாவது கவலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதைச் சுற்றி இப்போது குழப்பம் மிகுதி. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(j)ஐத் திருத்தியிருக்கிறது. அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பற்ற அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலை மட்டுமே மறுக்க முடியும். பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. திருத்தத்துக்குப் பின் அந்தத் தகுதிச் சொற்கள் நீங்கி, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்பதாக அது சுருங்கிவிட்டது. இது உரிமைக்கு விழுந்த அடி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அந்த அலுவலர் சொன்னதுபோல எதையும் கேட்க முடியாது என்பது உண்மையன்று. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன், பாதுகாக்கப்படும் நலனுக்கு நேரும் கேட்டைவிட மேலோங்கினால், விலக்களிக்கப்பட்ட தகவலையும் தரலாம். பிரிவு 10இன்படி, ஒரு தாளில் மறைக்கத்தக்க பகுதி இருந்தால் அதை மட்டும் மறைத்து மீதியைத் தர வேண்டும். சாலையின் நீளமும் கனமும் யாருடைய தனிநபர் தகவலும் அல்ல. ஆகவே மனுவில் ஒப்பந்ததாரரின் முகவரி, வங்கிக் கணக்கு எண், நிரந்தரக் கணக்கு எண் போன்றவை தேவையில்லை என்றும், அவற்றை மறைத்துத் தரலாம் என்றும் நீங்களே எழுதிவிடுங்கள். மறுப்பதற்குப் பிடித்துக்கொள்ளும் கொம்பை நாமே எடுத்துவிடுவது நல்லது. ஒப்பந்ததாரர் தந்த ஆவணத்தை அவர் இரகசியமானதாகக் கருதினால், பிரிவு 11இன்படி அவருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் கருத்தைக் கேட்க வேண்டியிருக்கும். அந்த வழியில் உங்கள் மனுவைப் பற்றி அவருக்குத் தெரியவும் கூடும். அளவுப் புத்தகமும் மதிப்பீடும் அலுவலகமே உருவாக்கியவை. உங்களுக்குத் தயக்கம் இருந்தால் முதல் மனுவை அவற்றோடும் செலவுச் சீட்டோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். தெருவாசிகள் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக மனு அனுப்புவதும் நடைமுறையில் ஒரு பாதுகாப்புதான்.

கோப்பு கிடைக்கவில்லை என்பதற்கு வருவோம். சட்டத்தின் பிரிவு 8இல் உள்ள விலக்குகளில் ‘காணவில்லை’ என்று ஒரு விலக்கு கிடையாது. தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் விஷ்வாஸ் பாம்புர்க்கர் வழக்கில், ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த ஆவணம் கிடைக்கவில்லை என்றால் முழுமையாகத் தேட வேண்டும், அப்படியும் கிடைக்காவிட்டால் விசாரணை நடத்திப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. தலைவர் மாறினாலும் தனி அலுவலர் வந்தாலும் ஆவணங்கள் ஊராட்சியின் உடைமையே.

அத்தகைய பதில் வந்தாலோ, 30 நாள்களில் பதிலே வராவிட்டாலோ, அடுத்த 30 நாள்களுக்குள் அதே அமைப்பின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை. மறுப்புக் கடிதத்தில் மேல்முறையீட்டு அலுவலரின் விவரமும் கெடுவும் இருக்க வேண்டும் என்பது பிரிவு 7(8). அவர் 30 நாள்களில், காரணம் எழுதினால் 45 நாள்களுக்குள், முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேல், 90 நாள்களுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. மறுத்தது சரி என்று நிறுவும் பொறுப்பு அங்கே அலுவலருடையது, உங்களுடையதன்று. நியாயமான காரணமின்றித் தாமதித்த நாள் ஒன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய்வரை பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மேல்முறையீட்டில் புதிய கேள்வி எதையும் சேர்க்காதீர்கள்; முதல் மனுவில் கேட்டதை மட்டும் வரி மாறாமல் கேளுங்கள்.

பதில்: களத்துமேடு

சட்டம் எல்லாம் சரிதான். ஆனால் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு ஆணையம் நாள் கொடுப்பதற்குள் அந்தச் சாலையில் அடுத்த சாலையே போட்டுவிடுவார்கள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் போகாமலேயே கிடைக்கக்கூடியவை இருக்கின்றன. இந்த ஊராட்சியின் பெயரில் நிதிக்குழு மானியத்திலிருந்து எந்தப் பணிக்கு எவ்வளவு பணம் போனது என்பதை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே ஊராட்சியின் வரவு செலவு அறிக்கையை வைக்க வேண்டும். சபையில் எழுந்து, மேலத்தெருச் சாலைக்கு எவ்வளவு என்று கேட்டு, அந்தக் கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஊரே கேட்கும்போது வரும் பதில் தபாலில் வருவதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற கணக்கர்

களத்துமேடு நண்பர் சொல்வதில் பாதி சரி. தாமதம் உண்மைதான், ஆனால் என் காலத்தில் பல மனுக்கள் முதல் மேல்முறையீட்டு விசாரணைக்கு நாள் குறித்தவுடனேயே, விசாரணைக்கு முன்பே பதில் பெற்றுவிட்டன. மேலதிகாரி முன்னால் கோப்போடு நிற்க வேண்டும் என்றால் கோப்பு தானாகக் கிடைத்துவிடும். கிராம சபையில் சொல்லப்படும் தொகை மொத்தத் தொகையாகத்தான் இருக்கும், கனமும் அகலமும் அங்கே வராது. இராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், உழவர் அமைப்பு 1994இல் பொது விசாரணைகளைத் தொடங்கியபோது ஊரார் நடுவில் உரக்கப் படித்தது ஊராட்சியின் பட்டியல்களையும் வருகைப் பதிவேடுகளையும்தான். தாள் கையில் இருந்ததால்தான் சபையில் வாய் திறக்க முடிந்தது. இந்தச் சட்டமே அங்கிருந்து பிறந்தது. எனவே இரண்டையும் செய்யுங்கள், ஆனால் மனுவை முதலில் அனுப்புங்கள்.

மேலத்தெருக்காரன்

மனுவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். இப்படி இருக்கலாமா?

‘பொதுத் தகவல் அலுவலர் அவர்களுக்கு. மேலத்தெருவில் 2025ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட சிமெண்ட் சாலைப் பணி தொடர்பாக, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன்கீழ்க் கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன். (1) பணியின் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, பணி ஆணை, ஒப்பந்தப் பத்திரம் ஆகியவை அடங்கிய கோப்பையும், இப்பணிக்குரிய அளவுப் புத்தகத்தையும் நேரில் பார்வையிட நாளும் நேரமும் குறித்துத் தர வேண்டும். ஒருவர் என்னுடன் வருவார். கைப்பேசியில் படம் எடுக்க அனுமதி கோருகிறேன். (2) அளவுப் புத்தகத்தில் இப்பணிக்கான பக்கங்கள், பட்டியல், செலவுச் சீட்டு ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும். (3) கான்கிரீட் தரச் சோதனை அறிக்கையின் சான்றிட்ட நகல் வேண்டும். அவ்வறிக்கை இல்லையெனில் இல்லை என்று தெரிவிக்க வேண்டும். (4) ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகை திருப்பி வழங்கப்பட்டிருப்பின் அதற்கான ஆணையின் நகல் வேண்டும். தனிநபரின் முகவரி, வங்கிக் கணக்கு எண், நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றை மறைத்துத் தரலாம். ஆவணங்கள் வேறு அலுவலகத்தில் இருப்பின் பிரிவு 6(3)இன்படி மாற்றி அனுப்ப வேண்டும். கட்டணமாக 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டப்பட்டுள்ளது.’

பதில்: ஓய்வுபெற்ற கணக்கர்

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். அலுவலகப் பதிவேட்டில் அந்தப் பணிக்கு ‘மேலத்தெரு சாலை’ என்ற பெயர் இருக்காது. ‘இன்னார் வீடு முதல் இன்னார் வீடு வரை கான்கிரீட் சாலை அமைத்தல்’ என்றோ, கோயில் பெயரை எல்லையாக வைத்தோ எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரில் பணி எதுவும் நடைபெறவில்லை என்று பதில் எழுத அதுவே போதும். தெரு முனையில் பணி விவரப் பலகை இருந்தால் அதில் உள்ள பணியின் பெயர், திட்டத்தின் பெயர், நிதியாண்டு மூன்றையும் எழுத்துப் பிசகாமல் மனுவில் எடுத்து எழுதுங்கள். பலகை இல்லையென்றால் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் தேடுங்கள். அங்கும் இல்லாவிட்டால், அது நிதிக்குழு மானியப் பணியாக இல்லாமல், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியிலோ வேறு மாநிலத் திட்டத்திலோ செய்யப்பட்டிருக்கக்கூடும். அப்போது ‘எந்தத் திட்டத்தின்கீழ், எந்தப் பெயரில் பதிவு செய்யப்பட்டிருப்பினும்’ என்ற சொற்களோடு, சாலை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் வீட்டுக் கதவெண்களால் குறிப்பிட்டு அனுப்பிவிடுங்கள்.